பாய்மரம் இல்லாத கப்பல்

இர்ஃபான்,

நீ இதைப் படிக்கும்போது கரை இறங்கியிருப்பாய். நான் எழுதும் இந்த நேரத்திலோ, அட்லான்டிக்கின் நடுவில் எங்கேயோ, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருக்கிறாய். ஆள் கப்பலில் போகிறாய், கடிதம் விமானத்தில் போகிறது. அதனால் கிளாஸ்கோவில் உன் அறைக்கு உனக்கு முன்பே இது போய்ச் சேர்ந்து காத்துக்கொண்டிருக்கும். இந்த யோசனை தோன்றியபோது எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களுக்கு அரசாங்கம் ஆதரவு கொடுத்ததே கடிதங்களை வேகமாகக் கொண்டுபோகத்தான், பயணிகள் எல்லாம் அதற்கப்புறம்தான் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். கப்பலில் இன்டர்நெட் உண்டு, ஆனாலும் தொடமாட்டேன், அந்தக் காலத்துப் பயணி மாதிரியே போய்ச் சேருகிறேன் என்று வேறு சொல்லிவிட்டாய். உன்னை நினைத்தவுடன் கூப்பிட முடியாத ஒரு நிலைமை எனக்கு இதுவரை வந்ததில்லை. கை பரபரத்தது, பேனாவை எடுத்துவிட்டேன்.

இதன் நகல் ஒன்றை நம் தமிழ்ச் சங்க மலருக்கும் கொடுக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தியன் கடையில், பள்ளிவாசலில், நோன்பு திறக்க உட்காரும் இடத்தில் என்று ஆளாளுக்கு என்னை நிறுத்தி வைத்து விசாரிக்கிறார்கள். நஸீமா ஆன்ட்டி பேரீச்சம்பழத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “ஏன்க்கா, கப்பல்லயா அனுப்புனீங்க? ஃப்ளைட் டிக்கெட் கிடைக்கலையா?” என்று கேட்டாள். கிடைத்தது, அவனுக்குத்தான் வேண்டாமாம் என்றேன். “அங்க போயி என்னக்கா படிக்கப் போறான்?” பழைய கப்பல்களைப் பற்றி என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னால், அதுவும் நோன்பு நேரத்தில், என் தொண்டை தாங்காது. மொத்தமாக மலரிலேயே படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இடையிடையே சொல்வேன், பொறுத்துக்கொள்.

எல்லாம் மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது. நாம் இந்த நாட்டுக்கு, நியூயார்க் பக்கத்திலிருக்கும் பிஸ்கட்டவேக்கு வந்த முதல் வருஷம். போக்குவரத்து பற்றி ஏதாவது செய்துகொண்டு வாருங்கள் என்று உன் டீச்சர் சொன்னார். மற்றப் பிள்ளைகள் விமானமும் ராக்கெட்டும் செய்தார்கள். நீ லைப்ரரியில் எடுத்த ஒரு படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சீரியல் டப்பாவில் ஒரு கப்பல் கட்டினாய். இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், நடுவில் கறுப்பு மை பூசிய புகைபோக்கி, கூடவே மூன்று பாய்மரம். பாய்க்கு என் பழைய துப்பட்டாவை வெட்டினாய். அது பழையது இல்லை என்பது வேறு விஷயம். கட்டி முடித்துவிட்டு அத்தாவிடம் போய் நின்று கேட்டாய்.

“இன்ஜின் இருக்குல்ல அத்தா, அப்புறம் பாய் எதுக்கு?”

“பேக்கப்” என்றார் அத்தா.

“இன்ஜினை நம்பலைன்னா அப்புறம் இன்ஜின் எதுக்கு?”

“சாப்பிட்டியா நீ?” என்றார்.

உன் அத்தாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குத் தொழிலே அதுதான். கம்பெனியின் தகவல்கள் அழிந்துவிடாமல் தினமும் நகல் எடுத்து வைப்பவர். வீட்டிலும் அதே புத்திதான். நம் பாஸ்போர்ட் நகல் இல்லாத அலமாரி இந்த வீட்டில் கிடையாது. ஆனால் நீ அந்தக் கேள்வியை விடவில்லை. கடல் கடந்து போன முதல் நீராவிக் கப்பல்களில் இன்ஜின் நன்றாக ஓட ஆரம்பித்து எத்தனையோ வருஷம் கழித்தும் யாருக்கும் பாய்மரத்தைக் கழற்றி எறிய மனசு வரவில்லை, நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம் என்று பிறகு நீயே கண்டுபிடித்துச் சொன்னாய். அப்போது உனக்கு மீசைகூட முளைக்கவில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் கப்பல் இல்லாத நாள் உண்டா? சாப்பாட்டு மேஜையில் கப்பல், காரில் போனால் கப்பல். முதல் கப்பல்களில் கொதிகலனுக்குக் கடல் தண்ணீரையே ஊற்றுவார்களாம், உப்புப் படிந்துபோய் அதைச் சுரண்டி எடுக்கவேண்டி வருமாம். நம் வீட்டு கெட்டிலில் வெள்ளையாகப் படிந்ததைக் காட்டி எனக்கு விளக்கினாய். நானும் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள்தான், ஆனாலும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். குழந்தைகளுக்குப் பால் வேண்டுமே என்று ஒரு பசுமாட்டையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று நீ சொன்ன அன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. நாம் இந்த நாட்டுக்கு வந்தபோது நான் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்த பிரஷர் குக்கர், இடியாப்ப உரல், புளி, உன் ஹார்லிக்ஸ் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அத்தா என்னைக் கேலி செய்வார். அன்றைக்கு அவரிடம், “பாத்தீங்களா, நான் மாடு கொண்டு வரலை” என்றேன்.

உன்னைப் பற்றி எனக்கு முதல்முதலாகப் பெருமை வந்தது எப்போது என்று கேட்டால், பரீட்சையோ பரிசோ இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலைக்குப் போகும் படகுக்காக வரிசையில் நின்றோமே, அந்தக் கோடை. சனா அப்போது ஸ்ட்ரோலரில் இருந்தாள். வெயில், கூட்டம், ஐஸ்க்ரீம் வேண்டும் என்று அவள் அழுகை. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி அத்தாவுக்குச் சொல்ல ஆரம்பித்தாய். இங்கிலாந்திலிருந்து நீராவியிலேயே கிளம்பின இரண்டு கப்பல்கள் இதே துறைமுகத்துக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்த கதை. முதலில் வந்தது சின்னது. கிட்டத்தட்ட கரியெல்லாம் தீர்ந்துபோய்த் தட்டுத் தடுமாறி வந்தது. ஊரே கூடி நின்று கைதட்டியது. சில மணி நேரம் கழித்து, பின்னால் கிளம்பின பெரிய கப்பல் வந்தது. அதில் இன்னும் நிறையக் கரி மிச்சம் இருந்தது.

“ஃபர்ஸ்ட் வந்தது சின்னதுதான் அத்தா. பட் ஜெயிச்சது பெருசு” என்றாய். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். நமக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, ஏன் என்று கேட்டார். நீ அவருக்கும் முழுதாக இங்கிலீஷில் சொன்னாய். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காதைக் கொடுத்தார்கள். படகு வந்து நின்றும் அந்த மனிதர் நகரவில்லை. “இஸ் ஹி யுவர் சன்?” என்று அத்தாவைக் கேட்டார். அத்தா நிமிர்ந்து நின்று, “யெஸ் சார்” என்றார். தூதரகத்தில் விசா அதிகாரிக்குக்கூட அவர் அவ்வளவு கம்பீரமாகப் பதில் சொன்னதில்லை.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. டாட்காம் கம்பெனிகள் சரிந்துகொண்டிருந்த நேரம். அத்தாவின் கம்பெனியும் மூடியது. அந்த வருஷம் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த செப்டம்பருக்குப் பிறகு எல்லாக் கதவும் இறுகியிருந்தது, நம்மைப் போன்ற பெயர் உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம். அவர் எப்படியோ வேறு வேலை தேடிவிட்டார். ஆனால் க்ரீன் கார்டுக்குப் போட்ட மனு அந்தக் கம்பெனியோடு போய்விட்டது, புதிதாகப் போட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று. அந்த நாளிலிருந்துதான் என் அட்டைப்பெட்டிப் பைத்தியம் ஆரம்பித்தது. டி.வி. வாங்கினால் அதன் அட்டைப்பெட்டி, மைக்ரோவேவ் வாங்கினால் அதன் அட்டைப்பெட்டி, மிக்ஸி, கம்ப்யூட்டர், வாக்குவம் க்ளீனர், எல்லாவற்றின் பெட்டியும் உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோலோடு சேர்த்து கராஜுக்குப் போகும். எந்த நேரமும் மூட்டை கட்டச் சொல்லலாம், அப்போது எதில் வைத்துக் கட்டுவது? இதைப் படிக்கும் விசாக்காரர்களே, சிரிக்காதீர்கள். உங்கள் கராஜைத் திறந்து காட்டச் சொன்னால் எத்தனை பேர் முழிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கராஜ் கூரைவரை நிறைந்தது. கார் பனியில் வெளியே நின்றது. அத்தா காலையில் எழுந்து கண்ணாடியைச் சுரண்டிவிட்டு ஆபீஸ் போனார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் அது பேக்கப்தானே.

நீ ஒருநாள் சைக்கிளை எடுக்க முடியாமல் பெட்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்தினாய். “அம்மா, ஆரம்பத்துல கப்பல்ல கரியை ரொப்பி ரொப்பி பாசஞ்சருக்கு இடமே இல்லாம போச்சு. நம்ம வீடும் அப்படித்தான் இருக்கு.” நான் உன்னைப் பெட்டியை மிதிக்காமல் வெளியே வரச் சொன்னேன்.

அதே வருஷம் ரமலானில் நடந்ததை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது. முதன்முறையாக ஒரு மாதம் முழுக்க நோன்பு வைக்கப் போகிறேன் என்று வீரமாக ஆரம்பித்தாய். முதல் வாரம் முடிவதற்குள் ஸ்கூலில் கூடைப்பந்து ஆடி நாக்கு வறண்டு வந்து, சோபாவில் விழுந்து, ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினாய்.

“அத்தா, ட்ராவல் பண்றவங்க நோன்பு வைக்க வேணாம்ல? அப்புறமா வச்சுக்கலாம்ல?”

“ஆமா. பயணிக்குச் சலுகை இருக்கு. தொழுகையையும் சுருக்கித் தொழலாம்.”

“அப்ப நாம ட்ராவலர்ஸ்தானே? உங்க விசாலயே டெம்பரரின்னுதானே போட்டிருக்கு?”

நான் சமையலறையில் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து நின்றேன், அத்தா என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்க. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “தம்பி, ஒரு ஊருக்கு வந்து, இங்கதான் இருக்கப் போறோம்னு நிய்யத் வச்சுட்டா, அன்னையிலேர்ந்து அவன் பயணி இல்ல. நாம வந்து இறங்குன அன்னைக்கே நான் நிய்யத் வச்சுட்டேன். முதல் நாள்லேர்ந்து முழுசாத்தான் தொழுவுறேன். விசா டெம்பரரியா இருக்கலாம், என் நிய்யத் டெம்பரரி இல்ல.”

எழுந்து உட்கார்ந்து கேட்டாய். “அப்ப கராஜ்ல இருக்குற பெட்டியெல்லாம் எதுக்கு?”

அத்தா என்னைப் பார்த்தார். நான் அத்தாவைப் பார்த்தேன். பாங்கு சொல்லும் நேரம் ஆகிவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். அது ஆகியிருக்கவில்லை. நீ அந்த மாதம் மிச்ச நோன்பு முழுவதும் வைத்தாய், அதற்கு நான் இன்றைக்கும் உன்னை மெச்சுகிறேன். ஆனால் உன் கேள்விக்குப் பதில் கிடைக்க இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆகிவிட்டால், அப்பாவின் க்ரீன் கார்டு வரிசையில் அவனுக்கு இடமில்லை. எட்டு வயதில் வந்தவன், இங்கேயே படித்தவன், இந்த நாட்டுத் தேசிய கீதத்தைத் தூக்கத்தில் பாடுபவன், ஒரு பிறந்தநாள் கேக்கை வெட்டிய மறுநாள் வெளியாள் ஆகிவிடுகிறான். அதே வீட்டில் அதே தட்டில் சாப்பிடும் தங்கை இங்கே பிறந்தவள், குடிமகள். நீ ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறினாய். போன வருஷத்திலிருந்து கம்பெனிகள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன, மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு விசா போட்டு வேலை தர யாரும் தயாராக இல்லை. கன்சல்டன்ஸி வைத்திருக்கும் ஒரு அங்கிள், ரெண்டு கம்ப்யூட்டர் கோர்ஸ் எடுக்கச் சொல்லுங்க, ஹெச்-ஒன் வேலை விசா போட்டுடலாம் என்று நல்ல மனசோடு சொன்னார். அந்த நேரத்தில்தான் கிளாஸ்கோவிலிருந்து உனக்கு இடமும் ஸ்காலர்ஷிப்பும் வந்தது. முதல் கடல் கப்பல்களுக்கு இன்ஜின் செய்த ஊரிலேயே அந்தக் கப்பல்களைப் பற்றி ஆராய்ச்சி. போனால் இங்கே திரும்பி வந்து வாழ வழி இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. போகாவிட்டால் இன்னொரு வரிசையில், இந்த முறை உன் சொந்தப் பெயரில், நீ நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. அத்தா, “ஒரு வருஷம் இங்க இருந்து பாரு தம்பி. இதைக் கையில வச்சுக்கிட்டே அதைத் தேடு” என்றார். நீ பேப்பர் நாப்கினில் ஒரு சின்னப் பெட்டியும் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டியும் வரைந்தாய். “அப்பவும் படிச்சவங்க எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க அத்தா. அட்லான்டிக்கைத் தாண்டுற அளவுக்குக் கரி ஏத்தவே முடியாது, பெரிய கப்பல் கட்டுனா இன்னும் நிறையக் கரிதான் திங்கும்னு. ஒரு இன்ஜினியர்தான் கணக்குப் போட்டாரு. நீளம், அகலம், ஆழம் எல்லாத்தையும் டபுள் பண்ணுனா உள்ள இடம் எட்டு மடங்கு ஆகுது. தண்ணியோட எதிர்ப்பு நாலு மடங்குதான். அப்ப கரிக்கும் இடம் இருக்கு, ஆளுக்கும் இடம் இருக்கு. சின்னதாவே கட்டிக்கிட்டு இருந்தாத்தான் எப்பவும் பத்தாது.” சின்னப் பெட்டியைத் தொட்டுக் காட்டி மெதுவாகச் சொன்னாய். “நாம சின்னதாவே கட்டிக்கிட்டு இருக்கோம் அத்தா.”

அத்தா அந்த நாப்கினையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் பேசினேன். நான் பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. “போகட்டும்ங்க. இந்த வீட்டுல வெய்ட் பண்றதுக்கு நான் ஒருத்தி போதும்.” நான் அதை வருத்தத்தில் சொல்லவில்லை, அத்தாவைக் குத்திக்காட்டவும் சொல்லவில்லை. என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று சட்டம். லேபில் நிற்க வேண்டியவள் இத்தனை வருஷமாக பிரியாணியில் உப்பு அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். க்ரீன் கார்டு வரட்டும், அதற்கப்புறம் பார்க்கலாம் என்று நான் தள்ளி வைத்தவற்றை எல்லாம் அடுக்கினால் கராஜ் பத்தாது. காத்திருப்பது ஓர் ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அத்தா எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பெரிய கப்பல்ல பாய்மரம் இருந்துச்சா?” இருந்தது என்றாய். “ம்” என்றார். நீ போகிறாய் என்பது அப்படித்தான் முடிவானது.

நீ கிளம்பிய நாளைப் பற்றி உனக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. புரூக்ளின் துறைமுகத்தில் மற்றவர்கள் கோட்டு சூட்டு மாட்டிய பைகளோடு வந்து இறங்கினார்கள். நாம் பிரஷர் குக்கரோடு போய் இறங்கினோம். அதன் அசல் அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கட்டியிருந்தேன். பார், எடுத்து வைத்தது வீண்போகவில்லை என்று எனக்குள் ஒரு கர்வம். நீ வாசலில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, குக்கரை எடுத்து உன் பைக்குள் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாய். காலிப் பெட்டியை நாலாக மடக்கி என் கையில் கொடுத்தாய். “இது வேணாம்மா” என்றாய், அவ்வளவுதான். சனா, “ஹி இஸ் கோயிங் டு பி ஸோ சீஸிக்” என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், நீ உள்ளே போனதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு இருபத்தொன்று ஆனதும் நான் அண்ணனுக்கு ஸ்பான்சர் பண்ணுவேன் என்று இங்கிலீஷில் அழுதாள். அதற்குள் அவனுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடும் என்று அத்தா சொன்னார். அழுகைக்கு நடுவில் சிரித்தோம்.

நாங்கள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் தண்ணீரை ஒட்டிய பூங்காவில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கப்பல் நகரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, தெருவே கிளம்பிப் போவது மாதிரி அவ்வளவு பெரிதாக இருந்தது. மெதுவாகப் பின்வாங்கித் திரும்பியது. அத்தா கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால்வரை ஒருமுறை பார்த்தார். “ஒரு பாய்மரம்கூட இல்ல, பாத்தியா” என்றார்.

பிறகு காரில் ஏறி, கப்பல்கள் கடலுக்குப் போகும் வழியில் இருக்கும் வெரஸானோ பாலத்துக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்கால ட்ராஃபிக், பாலத்தின் மேல் வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மற்ற நாளாக இருந்தால் அத்தா முணுமுணுத்திருப்பார். சனாதான் முதலில் பார்த்தாள். உன் கப்பல் வந்துகொண்டிருந்தது, நேராக எங்களை நோக்கி. புகைபோக்கி பாலத்தில் இடித்துவிடும் என்றே நினைத்தேன். இடிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் எல்லா வண்டியும் நின்றது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்துவது குற்றம் என்று மனப்பாடமாகச் சொல்லும் உன் அத்தா, ஆண்டவனே நிறுத்திக் கொடுத்த ட்ராஃபிக்கில் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, பாதி உடம்பை வெளியே நீட்டி, “தம்பி” என்று கத்தினார். காற்றில் ஒன்றும் கேட்டிருக்காது. மேல்தளத்தில் எறும்பு மாதிரி ஆட்கள் அண்ணாந்து பார்த்துக் கை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நீ எது என்று தெரியவில்லை, எல்லோருக்கும் சேர்த்துக் கை அசைத்தோம். நீ இந்த நாட்டை விட்டுப் போன நிமிஷத்தில் நாங்கள் உன் தலைக்கு நேர் மேலே இருந்தோம், இர்ஃபான். எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது பெருமைதான். என் வயிற்றில் பிறந்தவன், அவனாகவே தேர்ந்தெடுத்த ஒரு வழியில், யாரையும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் போகிறான் என்ற பெருமை. பாலம் தாண்டியதும் சூரியன் இறங்கி மஃரிப் நேரம் ஆனது, வண்டியை ஓரமாக விட்டுப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்து நோன்பு திறந்தோம். மடக்கிய அட்டைப்பெட்டி அதுவரைக்கும் என் மடியில்தான் இருந்தது.

இன்று காலை நான் இதை எழுத உட்கார்ந்தபோது கராஜிலிருந்து சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், அத்தா நோன்பு வாயோடு கத்தியை வைத்துக்கொண்டு பெட்டிகளைக் கிழித்துத் தட்டையாக்கிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ரீசைக்கிளிங் வண்டி வரும் நாள். நானும் உட்கார்ந்து தெர்மோகோலைப் பிரித்தேன். குக்கர் பெட்டியை அடுக்கின் மேலே வைத்தேன். கடைசியில் மானிட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “இதை மட்டும் வச்சுக்கட்டுமா?” என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அதையும் கிழித்தார். க்ரீன் கார்டு இன்னும் வரவில்லை. அது வருகிறபோது வரட்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் நான் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி லேப் மாதிரி ஒரு லேபில், சம்பளம் இல்லாமல் உதவியாக நிற்கவாவது விடுவார்களா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறேன். கார் இப்போது கராஜுக்குள் நிற்கிறது. அத்தா இரண்டுமுறை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

உன் பட்டமளிப்புக்கு எங்களால் வர முடியுமா, நீ பெருநாளுக்கு வர முடியுமா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் போவதில்லை. அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது, அதைச் சுமந்துகொண்டுதான் சந்தோஷமாக இருக்கிறேன். உனக்குச் சொல்வதற்கு இரண்டே விஷயம்தான். குளிரில் தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே. இன்னொன்று, கப்பலில் நீ பயணியாக இருந்தாய், சுருக்கித் தொழுதிருப்பாய், பசித்தபோது சாப்பிட்டிருப்பாய், அதில் தப்பே இல்லை. இப்போது இறங்கிவிட்டாய். பையை அடிவரை காலி பண்ணி, சட்டைகளை அலமாரியில் மாட்டு, குக்கரை அடுப்பில் ஏற்று. அத்தாவும் நானும் முதல் நாள் இங்கே செய்த மாதிரி, அந்த ஊரில் முழுதாகத் தொழு.

உன் அம்மா
பிஸ்கட்டவே